சுவரை அளக்கும் முன் டப்பாவை அளந்துவிடுங்கள்

எங்கள் வீட்டுச் சமையலறை ஏழு அடிக்கு ஆறு அடி. மேற்கு மாம்பலத்தின் பழைய அடுக்ககங்களில் இது அபூர்வமான அளவு அல்ல. ஒரு பக்கம் அடுப்பு மேடை, அதன் கோடியில் பாத்திரம் தேய்க்கும் தொட்டி, எதிர்ச்சுவரில் கடப்பாக்கல் பதித்த இரண்டு தட்டுகள், தலைக்கு மேலே பரண். கட்டியவர்கள் கொடுத்தது இவ்வளவுதான். இதற்குள்தான் நான்கு பேருக்குச் சமைக்கிறோம், மாதச் சாமான் வாங்கி வைக்கிறோம். தீபாவளி வந்தால் முறுக்கு அச்சு, பெரிய வாணலி, ஜல்லிக்கரண்டி எல்லாம் பரணிலிருந்து இறங்கி வந்து இடம் கேட்கும்.

இந்தச் சமையலறைக்கு வேண்டிய அடுக்குகளை நானே அறுத்து, இழைத்து, சுவரில் மாட்டியிருக்கிறேன். பிறகு தங்கை வீட்டுக்கும் செய்து கொடுத்தேன். இந்த வேலையில் இறங்க நினைப்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது ஒன்றுதான்: உங்கள் அடுக்கு ஒரு டப்பாவின் ஆழத்துக்கு மேல் இருக்க வேண்டாம்.

எங்கள் கடப்பாக்கல் தட்டு பதினெட்டு அங்குல ஆழம். எவர்சில்வர் டப்பாக்கள் மூன்று வரிசை நிற்கும். முன்வரிசை கண்ணுக்குத் தெரியும், நடுவரிசை கைக்குத் தெரியும், பின்வரிசை யாருக்கும் தெரியாது. வீட்டில் வெந்தயம் இருக்கும்போதே மறுபடி வெந்தயம் வாங்குவதும், பின்னால் போன ரவையில் வண்டு வைப்பதும் இதனால்தான். சின்னச் சமையலறையில் வெற்றுச் சுவர் வேண்டிய மட்டும் கிடக்கிறது. ஆழம் குறைந்த பலகைகளை அதில் மேலும் மேலுமாக ஏற்றினால், நிற்க இருக்கும் தரை குறையாமலே எல்லாச் சாமானும் முன்வரிசைக்கு வந்துவிடும்.

முதலில் சாமான்களைக் கூடத்துக்குக் கொண்டு வாருங்கள்

ஒரு ஞாயிற்றுக்கிழமை, செய்தித்தாள் விரித்து, சமையலறையில் இருக்கிற டப்பா, பாட்டில், தூக்கு எல்லாவற்றையும் கூடத்தில் பரப்புங்கள். வகை வாரியாகப் பிரிக்க வேண்டாம், பருமன் வாரியாகப் பிரியுங்கள். எங்கள் வீட்டில் பருப்பு, ரவை, அவல் வைக்கும் டப்பாக்கள் குறுக்கே 5 அங்குலம், உயரம் ஆறரை அங்குலம். கடுகு, சீரகம், மிளகு நிரப்பிய கண்ணாடி பாட்டில்கள் மூன்றரை அங்குலம். ஐந்தறைப் பெட்டி 8 அங்குலம். உங்கள் வீட்டு அளவு வேறாக இருக்கும். அதனால்தான் கடையில் வாங்கும் ரெடிமேட் அடுக்கு எவருக்கும் முழுதாகப் பொருந்துவதில்லை.

பெரும்பான்மை டப்பாவின் அகலத்தோடு 2 அங்குலம் கூட்டினால் பலகையின் ஆழம் கிடைத்துவிடும். எனக்கு 5 அங்குல டப்பாவுக்கு 7 அங்குலப் பலகை. கூடுதலான அந்த இரண்டு அங்குலம் பின்னால் பிராக்கெட்டின் (சுவரில் மாட்டிப் பலகையைத் தாங்கும் இரும்பு) கனத்துக்கும், முன்னால் டப்பா விளிம்பில் நிற்காமல் சற்று உள்ளே நிற்பதற்கும் வேண்டும். இரண்டு பலகைகளுக்கு நடுவே விடும் உயரத்துக்கும் இதே கணக்குதான்: டப்பாவின் உயரம், அதற்கு மேல் 2 அங்குலம். அதற்குக் குறைத்தால் விரல் நுழையாது. அதிகம் விட்டால் டப்பாவின் தலைமேல் இன்னொரு டப்பா ஏறிவிடும், பழைய கதை திரும்பும்.

எடையையும் பாருங்கள். ஒரு கிலோ துவரம்பருப்பு போட்டால், டப்பாவோடு சேர்த்து ஏறக்குறைய 1.3 கிலோ. மூன்றடிப் பலகையில் ஏழு டப்பா நிற்கும், ஆக மொத்தம் 9 கிலோவுக்குக் கொஞ்சம் மேல். இது பெரிய பாரம் இல்லை. அரிசி மூட்டை, ஐந்து லிட்டர் எண்ணெய் டின், கிரைண்டர் இவை மட்டும் சுவர்ப் பலகைக்கு ஏறவே கூடாது. அவற்றின் இடம் தரையும் மேடைக்கு அடிப்பகுதியும்தான்.

அடுத்து, வீட்டில் சமைப்பவர்களில் உயரம் குறைந்தவரை அழையுங்கள். எங்கள் வீட்டில் என் மாமியார், நான்கு அடி பத்து அங்குலம். குதிகால் தரையில் பதிந்திருக்க, கையை உயர்த்தி ஒரு டப்பாவைச் சுவரோடு பிடித்துக் காட்டச் சொன்னேன். டப்பாவின் அடிப்பக்கம் இருந்த இடத்தில் சாக்பீஸால் கோடு போட்டேன். "காபிப்பொடியும் சர்க்கரையும் இந்தக் கோட்டுக்குக் கீழே இருக்கட்டும், மேலே நீ என்ன வேண்டுமானாலும் வைத்துக்கொள் அம்மா" என்றார். அன்றாடம் எடுக்கும் பொருளுக்கெல்லாம் அந்தக் கோடுதான் எல்லை. அதற்கு மேலே வரும் பலகைகளில் வடாம், அப்பளம், வாரத்துக்கு ஒருமுறை தொடும் மாவு வகைகள்.

மேடைக்கு மேல் வரும் முதல் பலகையின் உயரத்தை மிக்ஸி தீர்மானிக்கும். ஜாரை மாட்டி, மூடியைத் தூக்கி, கை எங்கே போகிறது என்று பாருங்கள். எங்கள் வீட்டில் மேடையிலிருந்து 20 அங்குலம் விட்டேன். துளை போடும் முன், 7 அங்குல அகலத்தில் வெட்டிய அட்டைப்பெட்டித் துண்டுகளைப் பலகை வரும் இடத்தில் டேப்பால் ஒட்டிவைத்து, சில நாள் அப்படியே சமைத்துப் பாருங்கள். குனிந்து காய் நறுக்கி நிமிரும்போது நெற்றியில் இடிக்குமா, ஜன்னல் கதவு திறக்குமா என்பதெல்லாம் அட்டை சொல்லிவிடும். இந்தப் படியைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள்.

பலகை

சமையலறைக்கு ஐ.எஸ். 710 (தண்ணீர் தாங்கும் பிளைவுட்டுக்கான இந்தியத் தர எண்) முத்திரை உள்ள பிளைவுட் வாங்குங்கள். கடையில் 'மரைன்' என்றும் 'பி.டபிள்யூ.பி.' என்றும் சொல்வார்கள். அதற்கு ஒரு படி கீழே ஐ.எஸ். 303-இல் வரும் பி.டபிள்யூ.ஆர். வகை. தொட்டியிலிருந்து தள்ளியிருக்கும் சுவருக்கு அதுவும் போதும். ஐ.எஸ்.ஐ. முத்திரைக்குக் கீழே 'சி.எம்./எல்.' என்று தொடங்கும் உரிம எண் இருக்க வேண்டும். வெறும் 'வாட்டர்புரூஃப்' என்று அச்சடித்திருப்பதை நம்பிப் பணம் கொடுக்காதீர்கள். மரத்தூளை ஒட்டிச் செய்யும் பார்ட்டிக்கிள் போர்டும் எம்.டி.எஃப்.பும் விலையில் மலிவு, ஆனால் சோற்றுக் கஞ்சி ஆவி படும் இடத்தில் ஓரம் ஊதிவிடும், ஊதியது திரும்ப அமுங்காது. பி.வி.சி. பலகை தண்ணீருக்கு அஞ்சாது, கரையானும் தொடாது. தொட்டிக்கு அடியில் கதவு வைக்க அதைவிட நல்லது இல்லை. நீளமாகப் போட்டுப் பாரம் ஏற்றினால் மட்டும் வளையும்.

கனம் 18 அல்லது 19 மி.மீ. வேண்டும். 12 மி.மீ. போதாதா என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு: பலகையின் விறைப்பு கனத்தின் மும்மடிப் பெருக்கத்தில் கூடுகிறது. 12-ஐ 18 ஆக்கினால் கனம் ஒன்றரை மடங்குதான், விறைப்போ ஏறத்தாழ மூன்றே கால் மடங்குக்கு மேல். நீளத்தில் இந்தக் கணக்கு நமக்கு எதிராகத் திரும்புகிறது. அதே நெருக்கத்தில் டப்பா அடுக்கிய பலகையில் தாங்கலுக்கும் தாங்கலுக்கும் உள்ள தூரம் இரட்டித்தால், தொய்வு பதினாறு மடங்காகும். பலகை தொய்ந்துபோன அலமாரிகளில் மரத்தைத் திட்டுவார்கள், பெரும்பாலும் தவறு இந்தத் தூரத்தில் இருக்கும்.

பிளைவுட் 8 அடிக்கு 4, 7க்கு 4, 6க்கு 3 என்று பல அளவுகளில் கிடைக்கிறது. சின்னச் சமையலறைக்கு 6க்கு 3 ஒன்று போதும். 36 அங்குல அகலத்தில் 7 அங்குலப் பட்டைகள் ஐந்து அறுக்கலாம். ரம்பம் ஒவ்வொரு அறுப்புக்கும் அரைக்கால் அங்குலம் தின்னும், அதைக் கழித்தும் கால் அங்குலத்துக்கு மேல் மிஞ்சுகிறது. ஒவ்வொரு பட்டையையும் நடுவில் அறுத்தால் மூன்றடிக்குச் சற்றே குறைந்த பத்துப் பலகைகள். முப்பது அடி நீள அடுக்கு ஒரே தாளிலிருந்து! பட்டைகளைத் தாளின் ஆறடி நீளவாக்கில் அறுக்கச் சொல்லுங்கள். மேற்புற இழை பலகையின் நீளத்தோடு ஓட வேண்டும், குறுக்கே ஓடினால் பலகையின் பலம் குறைந்துவிடும். வாங்கும் கடையிலேயே டேபிள் ரம்பம் இருந்தால் அங்கேயே அறுத்துத் தரச் சொல்லி, வெட்டுக் கணக்கை ஒரு தாளில் படமாக வரைந்து கொடுங்கள். கையால் நேராக அறுப்பது கைப்பழக்கம் உள்ளவர்களுக்கே சிரமம்.

அறுபட்ட ஓரம் பிளைவுட்டின் பலவீனமான இடம். ஈரமும் எறும்பும் அங்கேதான் நுழையும். முன் ஓரத்துக்கு 6 மி.மீ. கனத் தேக்கு ரீப்பரை ஃபெவிகால் தடவி ஒட்டி, ஓர் இரவு கிளாம்பில் இறுக்கி வையுங்கள். கிளாம்ப் இல்லாவிட்டால் சிறு ஆணிகள் அடித்துத் தலையை உள்ளே இறக்கிவிடலாம். பருப்பு டப்பா நிற்கும் பலகைக்கு ரீப்பரைப் பலகை மட்டத்துக்கே இழைத்துவிடுவது என் வழக்கம், துடைக்கும் துணி தடையில்லாமல் ஓடும். கண்ணாடி பாட்டில் நிற்கும் பலகைக்கு மட்டும் ரீப்பர் கால் அங்குலம் மேலே துருத்திக்கொண்டிருக்கட்டும். சுவர்ப்பக்க ஓரத்தை யார் பார்க்கப்போகிறார்கள் என்று விட்டுவிடாதீர்கள். அங்கும் பிரைமர் ஒரு கை, எனாமல் இரண்டு கை போக வேண்டும்.

வர்ணமா, சன்மைக்காவா? எண்ணெய்ப் பிசுக்கைச் சீயக்காய்த் தூளோ சோப்போ போட்டுத் தேய்க்கிற வீடு என்றால் சன்மைக்கா. ஒட்டும்போது அடியிலும் ஒரு மெல்லிய தாள் ஒட்டுங்கள், ஒரு பக்கம் மட்டும் ஒட்டிய பலகை நாளடைவில் முறுக்கிக்கொள்ளும். நான் எனாமலையே விரும்புகிறேன். கீறல் விழுந்தால் உப்புத்தாள் தேய்த்து நானே மறுபடி பூசிக்கொள்ள முடியும் என்பதுதான் காரணம். எனாமல் நாற்றம் முழுவதும் போகும்வரை மாவுப் பொருள்களை அதன் அருகே கொண்டுபோகாதீர்கள், ரவையும் மைதாவும் அந்த வாசனையை உடனே பிடித்துக்கொள்ளும்.

சுவர்

எல்லோரும் அஞ்சுவது இந்த இடத்தில்தான், ஆகவே இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

துளை போடும் முன் சுவருக்குள் என்ன ஓடுகிறது என்று யோசியுங்கள். சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலேயும் நேர் கீழேயும் ஒயர்க் குழாய் போகும். எக்ஸாஸ்ட் ஃபேனுக்குப் போகும் வழியும் அப்படியே. தொட்டிக் குழாய்க்கு நேர் மேலே சுவருக்குள் தண்ணீர்க் குழாய் இருக்கலாம். இந்தக் கோடுகளிலிருந்து இரு பக்கமும் ஓர் அரை அடி விலகியே துளையிடுங்கள். சமையலறைக்குப் போகும் மின்சாரத்தைப் பெட்டியில் அணைத்துவிட்டு, டிரில் மெஷினுக்கு வேறு அறையிலிருந்து எக்ஸ்டென்ஷன் பெட்டி இழுத்துக்கொள்ளுங்கள். கண்ணுக்குக் கண்ணாடி, மூக்குக்கு முகக்கவசம். ஹேமர் வசதி (தட்டிக்கொண்டே துளைப்பது) உள்ள டிரில் மெஷினும் 8 மி.மீ. கான்கிரீட் பிட்டும் (துளைக்கும் முனை) வேண்டும். மெஷினை ஒரு நாள் வாடகைக்கு எடுத்தால் போதும்.

முதல் துளையைப் பிராக்கெட் மறைத்துவிடும் இடத்தில் போட்டு, வெளியே வரும் தூளைக் கவனியுங்கள். துளைக்கு அடியில் ஒரு பழைய கடித உறையை வாய் திறந்தபடி டேப் போட்டு ஒட்டிவிட்டால் தூள் அதற்குள் விழும். தரையும் அழுக்காகாது, நிறத்தையும் பார்க்கலாம். முதலில் சாம்பல் நிறம் வரும், அது பூச்சு. உட்புறப் பூச்சு அரை அங்குலத்தில் இருந்து முக்கால் அங்குலம்வரை இருக்கும். அதைத் தாண்டியதும் தூள் சிவந்தால் செங்கல்லுக்குள் போய்விட்டீர்கள், நல்லது. ஓர் அங்குலத்துக்கு மேல் போயும் சாம்பல் நிறமே வந்து, பிட் எதிர்ப்பே இல்லாமல் உள்ளே இறங்கினால், இரண்டு செங்கல்லுக்கு நடுவிலுள்ள சாந்தில் நிற்கிறீர்கள். ஸ்க்ரூவுக்காகத் துளைக்குள் செருகும் பிளாஸ்டிக் பிளக்கைச் சாந்து பிடித்துக்கொள்ளாது. செங்கல்லின் உயரம் ஏறத்தாழ 3 அங்குலம் என்பதால், பலகைக் கோட்டை ஒன்றரை அங்குலம் மேலேயோ கீழேயோ நகர்த்தினால் செங்கல்லின் வயிற்றுக்கு வந்துவிடுவீர்கள்.

சாம்பல் தூளே வந்தாலும் பிட் கடினமாக முட்டினால் அது கான்கிரீட் அல்லது சாம்பல் செங்கல். கான்கிரீட்டில் பிட் நகராமல் கிறீச்சிட்டால் கம்பியைத் தொட்டிருக்கிறது. உடனே நிறுத்தி ஓர் அங்குலம் தள்ளிப் போடுங்கள், கம்பியைக் குடையாதீர்கள். திடீரென்று பிட் வெற்றிடத்தில் விழுந்ததுபோல் இறங்கினால் ஹாலோ பிளாக். அதற்கும், புதிய கட்டடங்களில் வரும் எடை குறைந்த வெள்ளைக் கற்களுக்கும் சாதாரண பிளக் பிடிக்காது, தனி பிளக் கேட்டு வாங்க வேண்டும். வெள்ளைக் கல்லில் ஹேமரை அணைத்துவிட்டே துளையிடுங்கள். சுண்ணாம்புக் காரை பூசிய மிகப் பழைய வீடாக இருந்தால் சுவரைத் தொடாமல், தரையில் நிற்கும் அடுக்காகவே செய்துகொள்ளச் சொல்வேன்.

டைல்ஸ் ஒட்டிய சுவருக்கு இன்னும் பொறுமை வேண்டும். துளை வரும் இடத்தில் காகித டேப் ஒட்டுங்கள், பிட் வழுக்காது. டைல்ஸ் பிட் போட்டு, ஹேமரை அணைத்து, மெதுவான வேகத்தில் டைல்ஸை மட்டும் துளைத்துவிட்டு, பிறகு கான்கிரீட் பிட்டுக்கும் ஹேமருக்கும் மாறுங்கள். பிளக்கை டைல்ஸ் மட்டத்தோடு நிறுத்தாமல், பூச்சையும் தாண்டி உள்ளே தள்ளிவிட வேண்டும். ஸ்க்ரூவை முடுக்கும்போது பிளக் விரியும். அது டைல்ஸுக்குள் விரிந்தால் டைல்ஸ் கீறிவிடும். ஆகவே டைல்ஸ் சுவருக்கு 3 அங்குல ஸ்க்ரூ, வெறும் சுவருக்கு இரண்டு அல்லது இரண்டரை அங்குலம். மாம்பலத்திலேயே வருஷத்தில் பாதி நாள் ஈரக்காற்றுதான். கடலுக்கு இன்னும் அருகில் இருப்பவர்கள் எவர்சில்வர் ஸ்க்ரூவாகவே வாங்கிவிடுங்கள்.

துளையில் பிளக் சுற்றிக்கொண்டே வந்தால் தீக்குச்சியை ஒடித்துச் செருகும் பழக்கம் நம் வீடுகளில் இருக்கிறது. காலண்டர் மாட்ட அது போதும், பருப்பு டப்பா நிற்கும் இடத்தில் வேண்டாம். துளையை 10 மி.மீ. ஆக்கி, பெரிய பிளக் போடுங்கள்.

பிராக்கெட்டும் மட்டமும்

7 அங்குலப் பலகைக்கு, பலகையைத் தாங்கும் கை 6 அங்குலமும் சுவரில் பதியும் கை 8 அங்குலமும் உள்ள எல் பிராக்கெட் எடுத்தேன். நீளமான கை சுவருக்குத்தான் போக வேண்டும். பலகையின் பாரம் பிராக்கெட்டை முன்னால் சாய்க்கப் பார்க்கும், அப்போது மேல் ஸ்க்ரூ சுவரிலிருந்து பிடுங்கப்படும். சுவர்க் கை நீள நீள அந்த இழுப்பு குறையும். 9 கிலோ டப்பாக்கள் பலகையின் நடு ஆழத்தில், அதாவது சுவரிலிருந்து மூன்றரை அங்குலத்தில் நிற்கின்றன. மேல் ஸ்க்ரூ, சுவர்க் கையின் கீழ் நுனியிலிருந்து 7 அங்குலத்தில் இருக்கிறது. இழுப்பு நாலரை கிலோ, இரண்டு பிராக்கெட்டுக்குப் பகிர்ந்தால் ஆளுக்கு இரண்டே கால். நல்ல பிளக்குக்கு இது ஒன்றுமே இல்லை. ஆனால் மேடைமேல் ஏறிய பிள்ளை பலகையின் முன் ஓரத்தைப் பிடித்து 40 கிலோ பாரத்தைப் போட்டால் அதே இழுப்பு மொத்தம் 40 கிலோவாகிவிடும். பிளக்கைச் செங்கல்லுக்குள் இறக்க வேண்டும் என்று நான் இவ்வளவு அழுத்திச் சொல்வது அந்த ஒரு நாளுக்காக.

பிராக்கெட்டுகளைப் பலகையின் இரு நுனிகளில் வைக்காதீர்கள். மூன்றடிப் பலகையில் இரு பக்கமும் 7 முதல் 8 அங்குலம் உள்ளே தள்ளி வைத்தால், நடுவே 20 முதல் 22 அங்குலம்தான் தாங்கலில்லாமல் நிற்கும், வெளியே நீளும் நுனிகளின் பாரம் நடுப்பகுதியை மேலே ஏந்திக் கொடுக்கும். பலகை வளையாதிருக்க இதுவே சரியான இடம்.

மட்டக் கோட்டைத் தரையிலிருந்து அளந்து போட வேண்டாம். பழைய வீட்டுத் தரை தொட்டிப் பக்கம் சரிந்துதான் இருக்கும். ரசமட்டம் இருந்தால் போதும். இல்லாவிட்டால் கொத்தனார்கள் வைத்திருப்பதைப்போல் தண்ணீர் நிரப்பிய ஒளிபுகும் டியூப், காற்றுக் குமிழி இல்லாமல். இரு முனையிலும் தண்ணீர் நிற்கும் இடமே மட்டம். இடப்பக்கப் பிராக்கெட்டை மாட்டி, அதன்மேல் பலகையை ஏந்திப் பிடித்து, ரசமட்டத்தைப் பலகைமேல் வைத்து, வலப்பக்கத் துளைகளைக் குறியுங்கள். ஒருவர் பிடிக்க ஒருவர் குறிப்பது நல்லது. அடிப் பலகையிலிருந்து தொடங்கி மேலே போங்கள்.

சுவர் கண்ணுக்கு நேராகத் தெரியும், பலகையை ஒட்டி வைத்தால்தான் அதன் தொந்தி தெரியும். நடுவில் ஒட்டிக்கொண்டு இரு நுனிகளிலும் கால் அங்குலம் இடைவெளி நிற்கும். கரப்பான்பூச்சிக்கு இந்தச் சந்தைவிடப் பிடித்த வீடு கிடையாது. பலகையைச் சுவரோடு வைத்து, அந்த இடைவெளியின் அகலமே உள்ள ஒரு சிறு மரத்துண்டைச் சுவரோரமாக நகர்த்திக்கொண்டே, அதன் மறு ஓரத்தில் பென்சிலைப் பிடித்துப் பலகைமேல் ஒரு கோடு இழுங்கள். சுவரின் மேடு பள்ளம் அப்படியே பலகைக்கு இறங்கிவிடும். அந்தக் கோடுவரை இழைப்புளியால் சீவி, அந்த ஓரத்துக்கு மறுபடி பெயின்ட் காட்டிவிட்டு மாட்டினால் சுவரும் பலகையும் ஒன்றோடொன்று பொருந்திக்கொள்ளும். மிஞ்சும் மயிரிழைச் சந்துக்கு சிலிகான் ஒரு கோடு. எனக்கு இந்த வேலையிலேயே மிகவும் பிடித்த பகுதி இதுதான். இழைப்புளி கையில் இல்லாதவர்கள் நேர்மாறாகச் செய்யலாம்: துடைக்கும் துணியோடு விரல் போய்வர ஓர் அங்குலம் முழுதாக விட்டுவிடுங்கள். கால் அங்குலச் சந்து மட்டும் எந்த வீட்டிலும் வேண்டாம்.

பலகையைப் பிராக்கெட்டோடு கீழிருந்து முடுக்கும் ஸ்க்ரூ 16 மி.மீ.க்கு மேல் நீளக் கூடாது. நீண்டால் மேற்புறத்தில் முனை குத்திக்கொண்டு வரும். மெல்லிய பிட்டால் முதலில் வழி போட்டுக்கொண்டு, பிறகு முடுக்குங்கள்.

அடுப்பும் சிலிண்டரும்

அடுப்புக்கு நேர் மேலே எந்தப் பலகையும் வேண்டாம். இடம் எவ்வளவு குறைவாக இருந்தாலும் சரி. தாளிக்கும்போது எரிகிற அடுப்பைத் தாண்டி டப்பாவுக்குக் கை நீட்டுவது, புடவைத் தலைப்பு, எண்ணெய் ஆவி எல்லாம் ஒரே இடத்தில் கூடுகின்றன. அடுப்பின் ஓரத்திலிருந்து பக்கவாட்டிலும் ஓர் அடியாவது விட்டே பலகையைத் தொடங்கினேன். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோடு தேங்கும். மேடைக்கு அடியில் அடுக்கு செய்து கதவு போடுகிறவர்கள் சிலிண்டரை உள்ளே பூட்டிவிடுகிறார்கள். சிலிண்டர் உள்ள பகுதிக்குக் கதவே வேண்டாம். ரெகுலேட்டர் குமிழ் ஒரே கை நீட்டலில் எட்ட வேண்டும், தரையோரக் காற்றுத் துவாரத்தை எதுவும் மறைக்கக் கூடாது. மேடைக்கடியில் பலகை போட்டால் தரையிலிருந்து நான்கு அங்குலம் தூக்கியே போடுங்கள், கழுவிவிடும் தண்ணீர் எட்டாது.

துளை போடவே கூடாத வாடகை வீடு என்றால்

என் தங்கைக்கு அப்படித்தான், வீட்டுக்காரர் ஆணிகூட அடிக்கக் கூடாது என்றார். அவளுக்குச் செய்தது மேடைமேல் நிற்கும் ஒரு பாலம். மூன்றடி நீளப் பலகை, 7 அங்குல ஆழம், இரு பக்கமும் 9 அங்குல உயரக் கால்கள். நடுவில் தொய்யாமல் இருக்க மூன்றாவதாக ஒரு கால். பின்புறம், பலகைக்குக் கீழே, குறுக்காக 3 அங்குலப் பட்டை ஒன்று. அந்தப் பட்டைதான் கால்கள் பக்கவாட்டில் சாயாமல் பிடித்துக்கொள்கிறது, அதை விட்டுவிட்டால் எவ்வளவு ஸ்க்ரூ போட்டாலும் ஆடும். கால்களின் அடியில் ரப்பர் துண்டுகள் ஒட்டினால் மேடை ஈரம் மரத்தில் ஏறாது. சுவரை ஒட்டி மேடையின் பின்பகுதியில் வைத்துவிட்டால், அடியில் தினப்படி டப்பாக்கள் ஒரு வரிசை, மேலே பாட்டில்கள் ஒரு வரிசை. வீடு மாறும்போது தூக்கிக்கொண்டு போகலாம். புதிதாகக் கற்றுக்கொள்கிறவர்கள் சொந்த வீட்டில் இருந்தாலும் இதிலிருந்தே தொடங்குங்கள். அளப்பது, ஒட்டுவது, இழைப்பது, பூசுவது அத்தனையும் இதில் உண்டு, சுவர் மட்டும்தான் இல்லை.

அடுக்கும் முறை

எல்லாம் மாட்டியதும் ஒரே நாளில் சாமானை ஏற்றாதீர்கள். முதல் நாள் பலகைக்கு இரண்டு மூன்று தண்ணீர் பாட்டில்கள் மட்டும் வைத்துவிட்டு மறுநாள் காலை பிராக்கெட்டின் மேல் ஓரத்தைப் பாருங்கள். சுவருக்கும் இரும்புக்கும் நடுவே ஒரு தாள் நுழைந்தால் மேல் பிளக் இளகியிருக்கிறது. இறக்கிவிட்டு அந்தத் துளையை மட்டும் மறுபடி செய்யுங்கள்.

கனமான டப்பா பிராக்கெட்டுக்கு நேர் மேலே, லேசானது நடுவிலும் நுனியிலும். ஐந்தறைப் பெட்டி 8 அங்குலம் என்பதால் என் 7 அங்குலப் பலகைக்கு அது ஏறாது. அடுப்புக்கு வலப்பக்கம் மேடைமேலேயே அதற்கு இடம் ஒதுக்கிவிட்டேன், தாளிக்கும்போது அது வேண்டிய இடமும் அதுவே. அடிப் பலகையின் கீழ்ப்புறத்தில் ஓர் எவர்சில்வர் கம்பி மாட்டினால் கரண்டி, வடிகட்டி, தேங்காய்த் துருவி எல்லாம் கொக்கியில் தொங்கும். எவர்சில்வர் டப்பாக்களுக்கு மூடியில் பெயர் எழுதி ஒட்டாமல் வயிற்றில் ஒட்டுங்கள், கண் மட்டத்துக்கு மேலே இருக்கும் டப்பாவின் மூடியை யாரும் பார்க்க முடியாது.

மழைக்காலம் முடிந்து வெயில் ஏறும்போது ஒருமுறை எல்லா ஸ்க்ரூவையும் கையால் முடுக்கிப் பாருங்கள், ரசமட்டத்தை ஒவ்வொரு பலகைமேலும் வையுங்கள். குமிழி நடுவில் நின்றால் அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம்.